இன்னாசி இறக்கிவைத்த கனம்

"இந்த வீட்டுல எல்லாமே கனம். மிதியடி கனம், கிரைண்டர் கனம், நீ வைக்கிற சாம்பார் கனம், நீ கனம், நீ பேசுறது அதைவிடக் கனம். இத்தனையையும் கட்டிக்கிட்டு மனுசன் எப்படி மேல போவான்?"

இன்னாசி கேட்டு வாயை மூடுவதற்குள், "மேல போறதுக்கு இப்ப என்ன அவசரம், யாரு ஆள் விட்டு அனுப்பிருக்கா?" என்று ஜெஸிந்தா, உப்புப் போட்ட எலுமிச்சம்பழங்களை ஜாடிக்குள் அமுக்கியபடி, தலையைக்கூடத் தூக்காமல் கேட்டாள்.

"பாத்தியா, இதைத்தான் சொல்றேன். இந்த வாய் மட்டும் தனியா அஞ்சு கிலோ இருக்கும்."

"இருக்கட்டும். உங்க மூளையையும் சேத்து நான்தானே சுமக்குறேன், அப்ப கனக்கத்தான் செய்யும்."

காற்றுப்பாறை என்ற அந்த மலை ஊரில், கம்பம் பள்ளத்தாக்கை எட்டிப் பார்த்தபடி சாய்பாறை என்று ஒரு பாறை நீட்டிக்கொண்டிருந்தது. அதன் விளிம்பிலிருந்து ஓடிக் குதித்து, தலைக்கு மேல் விரியும் பாராகிளைடர் இறக்கையில் சுற்றுலா வந்தவர்களைத் தன் முன்னால் கட்டிக்கொண்டு பறந்து, திராட்சைத் தோட்டங்களுக்கு மேலே வட்டமடித்து, அடிவாரத்துத் தரிசில் இறக்கிவிடுவதுதான் இன்னாசியின் பிழைப்பு. பஸ் நிற்கும் இடத்தில் மாட்டியிருந்த பலகையில் அவன் பெயர் கேப்டன் இக்னேஷியஸ். எந்தக் கப்பலுக்கு என்று ஜெஸிந்தா ஒருத்திதான் கேட்டிருக்கிறாள். பறப்பது அவன் வேலை, எடை போடுவது அவள் வேலை. கல்யாணமாகி வந்த மறுவாரமே, பழைய ஏலக்காய்க் கிடங்கிலிருந்து வந்த மேடைத் தராசைப் பாறையருகே போட்டு அவளை அதன் பக்கத்தில் நிறுத்திவிட்டான். ஆள் ஏறி நிற்பான், முள் ஆடி ஓயும், கனம் குறைந்தவனாக இருந்தால் அவள் கித்தானில் தைத்து, அலசிக் காயவைத்த ஆற்று மணலை நிரப்பிய பையை அவன் இடுப்பில் கட்டிவிடுவாள். "கனம் இல்லாத ஆளைக் காத்து மதிக்காது, தம்பி. தூக்கிட்டுப் போயிரும், இறக்கிவிடாது" என்று மதுரைக் கான்வென்டில் கன்னியாஸ்திரிகளிடம் கற்ற அழுத்தம்திருத்தமான குரலில் சொல்வாள், ஏசி அறையிலேயே வளர்ந்த பிள்ளைகள்கூட மறுபேச்சுப் பேசாமல் கட்டிக்கொள்வார்கள்.

ஆனால் அவள் மட்டும் ஒருநாளும் பறந்ததில்லை. கல்யாணமான புதிதிலேயே கூட்டிப் போகிறேன் என்று சொல்லியிருந்தான். பிறகு காற்று சரியில்லை, பிறகு மகள் வயிற்றில், பிறகு மகள் கைக்குழந்தை, பிறகு மகளுக்குப் பரீட்சை, மகள் கல்யாணமாகித் திருச்சிக்கே போய்விட்ட பிறகு மறுபடியும் காற்று சரியில்லை. கடைசியில் வெள்ளிவிழாக் கல்யாண நாளன்று கட்டாயம் என்றான். ஜெஸிந்தா வாழ்நாளில் முதல்முறையாகச் சுடிதார் தைத்துப் போட்டு, கொண்டையை அவிழ்த்து ஹெல்மெட்டுக்குள் திணித்து, ஊரே பார்க்கத் தானே தராசில் ஏறி நின்றாள். முள் ஓய்ந்தது. இன்னாசி அதைக் குனிந்து பார்த்தான், நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தான். "அடேயப்பா! இதைத் தூக்க இறக்கை பத்தாதுப்பா, கிரேன்தான் சொல்லணும்" என்றான். டீக்கடை பேச்சியம்மா சிரித்த சிரிப்பில் அவள் கையிலிருந்த தட்டில் பன் எல்லாம் குலுங்கியது. மினிபஸ் தவசி ஸ்டியரிங்கில் விழுந்து சிரித்து, ஹாரன் நீளமாக அடித்துத் தொலைந்தது. பாதர் மத்தியாஸ் அங்கியின் கையால் வாயைப் பொத்திக்கொண்டார், தோள்தான் குலுங்கிற்று. இன்னாசி சென்னையிலிருந்து வந்த ஒல்லிப் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொண்டு பறந்து போனான். ஜெஸிந்தா ஹெல்மெட்டைக் கழற்றி, வீட்டுக்கு வந்து, அந்தச் சுடிதாரை நாலாகக் கிழித்து அடுப்பு துடைக்கப் போட்டாள். அழவில்லை. யார் யார் சிரித்தார்கள் என்பதை மட்டும், ஜெபமாலை மணியைத் தள்ளுவதுபோல ஒவ்வொருவராகத் தள்ளி மனதில் வைத்துக்கொண்டாள்.

அந்த வருட மழை ஓய்ந்த பிறகுதான் கொச்சியிலிருந்து ஒருவன் வந்து, இப்போதெல்லாம் யாரும் இவ்வளவு பாரம் தூக்குவதில்லை என்று இன்னாசியிடம் சொல்லி, லேசுச் சாமான்களை விற்றுவிட்டுப் போனான். பழைய இறக்கை மூட்டையாகக் கட்டினால் ஒரு ஆட்டுக்கிடாய் அளவு. புதியது வெங்காயச் சருகுபோல் ஒற்றைத் துணியில் தைத்து, மடித்தால் சாப்பாட்டுப் பைக்குள் அடங்கியது. கயிறுகள் தையல் நூலுக்கு அக்காவாக இருந்தன. இரும்புக் கொக்கிகள் இருந்த இடத்தில் துணி முடிச்சுகள். உட்காருகிற இருக்கை என்று இரண்டு பட்டைகள், முன்னால் பயணிக்கு இன்னும் இரண்டு பட்டைகள், அவ்வளவுதான். முதுகுக்குப் பஞ்சு கிடையாது, பக்கத்துக்குத் தடுப்பு கிடையாது. "இது என்ன, சீட்டா கோவணமா?" என்று ஜெஸிந்தா கேட்டதற்கு, "உனக்கு இதெல்லாம் புரியாது, லேசா இருக்கிறதுதான் இப்ப டெக்னிக். இனிமே தராசும் வேண்டாம், உன் மணலும் வேண்டாம், ஒல்லியான பார்ட்டியை மட்டும் ஏத்துவேன்" என்று சொல்லிவிட்டு, பழைய சாமான்கள் எல்லாவற்றையும் ஒற்றைக் கையில் தூக்கிக் கொட்டகைக்குக் கொண்டுபோனான். தனக்குத்தான் பலம் கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டான் போல.

பலம் கூடவில்லை. சாமான்கள் கொட்டகைக்குப் போனபோது அவற்றின் கனம் அவற்றோடு போகாமல் வீட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது. கூடத்தின் நடுவில், கண்ணுக்குத் தெரியாமல், சிமெண்டுத் தரையைச் சட்டிபோலக் குழித்துக்கொண்டு அது உட்கார்ந்திருந்தது. காபி டம்ளரோடு வந்த ஜெஸிந்தா அதில் கால்விரலை இடித்துக்கொண்டாள். ஒரு பொருள் ஒரு இடத்தில் இல்லாமல் போனால் வேறு இடத்தில் இருக்கும், அழிந்துபோகாது என்று எட்டாம் வகுப்பில் சிஸ்டர் ஃபிளாவியா பிரம்பால் மேசையைத் தட்டித் தட்டிச் சொல்லிக் கொடுத்திருந்ததால் அவளுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இருக்கவில்லை. குனிந்து தொட்டுப் பார்த்தாள், பெட்ரோலும் வியர்வையுமாக இன்னாசியின் வாடை அடித்தது. மணல் அள்ளும் கரண்டியை எடுத்து வந்தாள், சும்மா கிடந்த கித்தான் பைகளை எடுத்து வந்தாள், அள்ளி அள்ளி நிரப்பி, வாயைத் தைத்து, சமையலறைச் சுவரோரம் வரிசையாகச் சாத்தி வைத்துவிட்டு, ஆறிப்போன காபியைச் சூடுபண்ணிக் குடித்தாள்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. லேசாக இருப்பதன் ருசி இன்னாசிக்குப் பிடித்துவிட்டது. பூட்ஸைக் கழற்றிவிட்டு ரப்பர் செருப்புக்கு மாறினான்; கைக்கடிகாரத்தை எடுத்து வைத்தான்; இடுப்புப் பட்டையின் உட்புறம் அவள் தைத்துவிட்டிருந்த மாதா மெடலைப் பிளேடால் அறுத்து எடுத்தான்; பர்ஸிலிருந்த அவள் போட்டோவை எடுத்தான்; இரவுச் சாப்பாட்டை விட்டான்; மீசையை மழித்தான்; செத்துப்போன அவன் அம்மாவுக்கு வருடா வருடம் வைக்கிற ஆத்துமப் பூசையை இந்த வருடம் வேண்டாம் என்று விட்டான். அவன் ஒவ்வொன்றை விட விட, அதனதன் கனம் வீட்டில் அங்கங்கே விழுந்துகொண்டே இருந்தது. மீசையின் கனம் ஒரு தேங்காய் அளவு இருந்தது. மெடலின் கனம் ஒரு அம்மிக்கல்லுக்குக் குறையாது. பூசையின் கனத்தை அள்ள இரண்டு பை பிடித்தது. ஜெஸிந்தா தைத்துக்கொண்டே இருந்தாள், ஊசி இரண்டு முறை முறிந்தது.

ஆடி பிறந்தது. ஆடிக் காற்றில் காற்றுப்பாறையில் தகரக்கூரை எதுவும் அதனதன் வீட்டில் தங்காது. காலையில் எழுந்து யார் தகரம் யார் வாழையில் கிடக்கிறது என்று தேடிப் போவதே ஊருக்கு ஒரு வேலை. பேச்சியம்மா கடைக் கூரை தடதடவென்று அடித்துக்கொள்வதைக் கேட்ட ஜெஸிந்தா, ஒரு பையை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய், "இந்தாங்கக்கா, இதைக் கூரை மேல போடுங்க" என்றாள்.

"என்னா தாயி இது, மணலா?"

"எங்க வீட்டுக்காரர் கனம். சும்மாதான் கிடக்குது."

"அவருக்கு வேண்டாமாக்கும்?"

"வேண்டாம்னுதான் இறக்கி வச்சிருக்காரு. நான் கேக்கும்போது குடுத்தாப் போதும்."

பேச்சியம்மா அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை; அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. அன்று ஊரில் பாதிக் கூரை பறந்தது, பேச்சியம்மா கூரை முனகக்கூட இல்லை. மறுநாள் தவசி வந்து தலையைச் சொறிந்தான். கொண்டை ஊசி வளைவில் மினிபஸ்ஸின் பின்பக்கம் தூக்கி அடிப்பதாகவும், பின்சீட்டில் ஒரு பை கிடந்தால் தேவலை என்றும், "மதினி மனசு வச்சா" என்றும் இழுத்தான். ஜெஸிந்தா மனசு வைத்தாள். பூசையின் கனத்தை இரண்டு பையாகப் பாதர் மத்தியாஸ் வாங்கிப்போய்த் திருவிழாக் கொடிமரத்தடியில் போட்டார், கொடி அசைந்ததே தவிர மரம் அசையவில்லை. ஜாடி மூடிகளை அமுக்கி வைக்க ஊறுகாய்க்காரி வாங்கிப் போனாள். சரிவில் மேய்கிற ஆட்டின் கழுத்தில் கட்ட ஒருவன் வாங்கிப் போனான். தூக்கத்தில் எழுந்து நடக்கும் மாமியாரின் கட்டிலில் போட ஒரு மருமகள் வாங்கிப் போனாள், பெரிய பையாகக் கேட்டாள். பஞ்சாயத்துத் தலைவர் கூட்டத்தில் பேசும்போது மடியில் வைத்துக்கொள்ளச் சின்னதாக ஒன்று கேட்டு வாங்கினார், அன்று முதல் யாரும் பாதியில் எழுந்து போகவில்லையாம். கொஞ்ச நாளில், சந்தையில் தேங்காய் பேரம் பேசுவதுபோல, "உனக்கு எது கிடைச்சுது, பூட்ஸா?" "எனக்கு மீசைப்பா, சும்மா சொல்லக்கூடாது, நல்லாப் புடிச்சு உக்காருது" என்று ஊர் பேசிக்கொள்ள ஆரம்பித்துவிட்டது.

யாருக்கு எந்தப் பை என்பதை ஜெஸிந்தா யோசித்தே கொடுத்தாள். வெள்ளிவிழா நாளன்று சிரித்த வாய் எதுவும் விடுபடவில்லை. சிரிக்காதவர்கள் வந்து கேட்டபோது, இருந்தால் தரமாட்டேனா என்று கையை விரித்தாள்.

கடைசியாகத்தான் மோதிரம். ஆடி நடுவில் ஒருநாள் காலை இன்னாசி விரலை உருவிக்கொண்டே சமையலறைக்கு வந்தான். உடம்பு காற்றடைத்த பை மாதிரி நடந்து வந்தது, கால் பாவாமல் கல்மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இது ஒண்ணுதான் மிச்சம். இதுவும் ரெண்டு கிராம் இருக்கும்ல."

"கோயில்ல வச்சுப் போட்டது" என்றாள் ஜெஸிந்தா.

"அதான் இத்தனை வருஷம் போட்டாச்சே."

அவன் அதைக் கழற்றி மேடையில் வைத்தான். மோதிரம் ஈசல் இறகுபோல எழுந்து, ஜன்னல் கம்பிக்கு நடுவில் நுழைந்து, வெளியே போய்விட்டது. அதன் கனம் மேடையில் தங்கியது. கல் மேடை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை விரிசல் விட்டது. இன்னாசி அதைப் பார்க்கவில்லை, அதற்குள் இறக்கை மடித்த சாப்பாட்டுப் பையை மாட்டிக்கொண்டு பாறைக்குப் போய்விட்டான். ஜெஸிந்தா அதைக் கரண்டியால் அள்ளவில்லை, இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கினாள். மகளைப் பெற்ற நாளில் பட்ட பாடுதான் பட்டாள். தூக்கி எலுமிச்சை ஜாடியின் மூடி மேல் வைத்தாள். இதை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை.

அன்று இன்னாசி பாறையில் ஓடவே தேவைப்படவில்லை. சருகு இறக்கை விரிந்ததும் சுவரில் தொங்கும் காலண்டர் படபடப்பதுபோல இரண்டு முறை படபடத்துவிட்டு அவனை எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்டதுதான், இறக்கவில்லை. முதலில் அவனுக்கு அது பெருமையாகவே இருந்தது. "பாத்தியாடா தவசி, எறங்கவே தோணலைடா!" என்று மேலிருந்து கத்தினான். சுற்றுலா வந்தவர்கள் கழுத்து வலிக்க வலிக்கப் படம் எடுத்தார்கள். பகலில் வெயில் ஏற ஏற அவன் பருந்துகளுக்கும் மேலே புள்ளியாகிவிடுவான், விடிகாலைக் குளிரில் காற்று கனத்துக் கீழே இறங்கும்போது அதோடு அவனும் கூரை மட்டத்துக்கு இறங்குவான். அந்தக் கொஞ்ச நேரத்தில் பேச்சியம்மா துரட்டியில் மாட்டி டீயும் பன்னும் நீட்டினாள். நாலு நாளில் ஊருக்கு அது பழகிப்போயிற்று. பால்காரர் வந்தாரா, இன்னாசி இறங்கினாரா என்று ஒரே மூச்சில் கேட்டுக்கொண்டார்கள். அவன் பறக்கும் உயரத்தைப் பார்த்துத் துணி காயப்போடலாமா என்று பெண்கள் முடிவு செய்தார்கள்.

பெருமை சலித்து முதுகு வலிக்க ஆரம்பித்ததும் கயிறு கேட்டான். போட்டார்கள், இழுத்தார்கள், வந்தான். கால் தரையில் பட்டதும் ரப்பர் பந்துபோல எம்பினான். நாலு பேர் ஆளுக்கு ஒரு கையையும் காலையும் பிடித்துக்கொண்டிருந்தவரை நின்றான். அதில் ஒருவன் தும்மினான், இன்னாசி கைநழுவி மேலே போய்விட்டான். எத்தனை நேரம்தான் ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டு நிற்பது, அவரவருக்கு வேலை இல்லையா? "கோயில் தூண்ல கட்டிப் போட்டுரலாமா?" என்று பாதர் நல்ல மனதோடுதான் கேட்டார். "நான் என்ன ஆடா, கயித்துல கட்டிப்போட? நான் கேப்டன்யா!" என்று இன்னாசி மேலிருந்தே குதித்தான், குதித்ததில் இன்னும் கொஞ்சம் ஏறினான்.

அப்புறம்தான் அவனுக்குக் கனத்தின் ஞாபகம் வந்தது. ஆடி கடைசி வெள்ளி, காலைக் குளிரோடு இறங்கி வந்தவன் முதலில் பேச்சியம்மா கூரைக்கு நேரே நின்றான்.

"அக்கா, அந்தப் பையைத் தூக்கிக் குடுங்கக்கா. அது என் பூட்ஸு."

"ஐயோ தம்பி, இப்ப எடுத்தா கூரை கேரளாவுக்குப் போயிரும். ஆடி முடியட்டும்" என்றாள் பேச்சியம்மா. "இன்னொரு பன் தரவா?"

மினிபஸ்ஸுக்கு மேல் போனான். "தவசி, மீசைடா. என் மீசையைக் குடுரா."

"அண்ணே, வண்டில ஸ்கூல் பிள்ளைக இருக்குண்ணே. வளைவுல ஒண்ணு ஆயிருச்சுன்னா உங்களுக்குத்தான் பாவம்."

பாதர், அவன் கேட்பதற்கு முன்பே, கொடி இறக்குகிறவரை கொடிமரத்தடியில் எதையும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு, அவனுக்காக ஜெபிப்பதாகவும் சொன்னார். ஊறுகாய்க்காரி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த மருமகள் மட்டும் கையெடுத்துக் கும்பிட்டு, அண்ணே, கொன்னு வேணாலும் போடுங்க, அதை மட்டும் கேட்காதீங்க என்றாள்.

எல்லோரையும் கேட்டு முடித்து அவன் தன் வீட்டு வாசலுக்கு மேலே வந்தபோது, அவனுக்குப் பின்னாலேயே தெருவும் வந்து சேர்ந்திருந்தது. ஜெஸிந்தா எலுமிச்சை ஜாடியைப் படியில் வைத்து, பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். ஒருத்தரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, எல்லோரும் அவள் வாயைப் பார்த்தார்கள். நான் கேக்கும்போது குடுத்தாப் போதும் என்று சொல்லியிருக்கிறாள். அவள் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் கூரையைத் திறந்தாவது கொடுத்துத்தான் ஆகவேண்டும். கேட்டுவிடுவாளோ என்று பேச்சியம்மா டம்ளர் தட்டோடு தவசியின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டாள். ஜெஸிந்தா ஜாடி மூடியைச் சற்றே அமுக்கினாள். உள்ளே எலுமிச்சம்பழம் சாறு விட்டது.

இன்னாசி மெலிந்திருந்தான். வழித்த மேலுதட்டில் வெயில் பட்டுத் தோல் உரிந்திருந்தது. முன்னால் பயணிக்கான பட்டைகள் காலியாகத் தொங்கி ஆடின. அவன் அவற்றைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், அவளை மேலிருந்து கீழ்வரை, தராசு முள்ளைப் பார்க்கிற அதே பார்வையில் பார்த்தான். அவன் முகம் தெளிந்தது.

"ஜெஸி! எவன் பையும் வேண்டாம். நீ இருக்கியே! நீ ஒருத்தி வந்து முன்னாடி உக்காந்தாப் போதும், அலுங்காம குலுங்காம ரெண்டு பேரும் தரிசுல போய் இறங்கிரலாம். இத்தனை நாளா எனக்குத் தோணவே இல்ல பாரு."

இந்த வார்த்தைக்காக அவள் இருபத்தைந்து வருடம் காத்திருந்திருக்கிறாள். பாத்திரம் தேய்க்கும்போதும், மணல் அலசும்போதும், கண்ட கண்ட பெண்களின் இடுப்பில் பட்டை மாட்டிவிடும்போதும், அவன் இதை எப்படிச் சொல்வான் என்று விதவிதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். பாறை விளிம்பில் சொல்வான், கையைப் பிடித்துச் சொல்வான், ஊர் கேட்கச் சொல்வான். ஊர் கேட்கத்தான் சொல்லியிருக்கிறான். ஆனால் சொல்லிப் பார்த்த விதங்கள் ஒன்றிலும் அவள் மணல் பையாக இருந்ததில்லை.

 தவசி மினிபஸ் சாவியைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பாதர் தன் செருப்பைப் பார்த்தார். அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்த ஒரு முகத்திலும் சிரிப்பு இல்லை. ஜெஸிந்தா மூடியின் மேலிருந்த கையை எடுக்கவில்லை. அதன் அடியில் கண்ணுக்குத் தெரியாமல், கோயிலில் வைத்துப் போட்டது, ரெண்டு கிராம், மேடையைப் பிளந்த கனத்தோடு உட்கார்ந்திருந்தது. அதை எடுத்து அவன் பக்கம் நீட்டினால் அடுத்த நொடி அவன் இந்தப் படியில் உட்கார்ந்திருப்பான், சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்பான், சாம்பார் கனம் என்பான்.

வெயில் சாய்பாறையைத் தொட்டது. பாறை சூடேற, காற்று அவனை மெல்லக் கிளப்பியது. முதலில் வேப்பமரத்தின் உயரம், பிறகு கோயில் மணிக்கூண்டின் உயரம். பேச்சியம்மா கூரை முனகவில்லை, கொடிமரம் அசையவில்லை. மேலிருந்து குரல் மட்டும், வெங்காயச் சருகுபோல மெலிந்து, கட்டின நாளிலிருந்து ஒருநாளும் சேர்த்துப் பேசியிராத மரியாதையையும் சேர்த்துக்கொண்டு, இன்னொரு தடவை இறங்கி வந்தது.

"ஜெஸி... ஒரே ஒரு தடவை என்கூடப் பறக்க வாங்களேன்."